பக்கத்து இருக்கை

பணி ஓய்வு பெற்ற மறுநாளும் அனார்கான் இருட்டோடு எழுந்துவிட்டாள். முகம் கழுவி, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் போவதற்கு இடம் இல்லை என்பது உறைத்தது. ஏரிக்கரைச் சானடோரியத்தின் சமையலறையில் இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பார்கள். வெந்நீர் ஊற்றில் குளித்து மூட்டுவலியைத் தீர்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக அவள்தான் தலைமைச் சமையல்காரி. முந்தின நாள் அவள் தோளில் பூப்போட்ட பெரிய சால்வையைப் போர்த்தி, எல்லோரும் கன்னத்தில் முத்தமிட்டு, "இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா" என்று அனுப்பிவைத்திருந்தார்கள்.

கை பழகிய அளவு மாறவில்லை. அவள் சூப் வைத்தால் தெருவுக்கே காணும்.

"கிழவி, வீட்டுல ஆளு ரெண்டு பேருதான். பட்டாளம் ஏதும் வருதுன்னா முன்னாடியே சொல்லு, நான் எங்கயாச்சும் போயிடுறேன்" என்றார் அவள் கணவர் எசென்குல்.

சந்தோஷமும் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷத்தில் தேநீரைச் சூடு ஆறாமல் உட்கார்ந்து குடித்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. செப்டம்பர் மாதம், இஸிக்-குல் ஏரியில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மத்தியான நேரத்தில், ஊரே வேலையில் இருக்கும்போது, பழைய கவுனோடு இறங்கி மல்லாந்து மிதந்தாள். எதிர்க்கரை மலைகளின் உச்சியில் புதுப் பனி. யாரோ வந்து திட்டப்போகிறார்கள் என்பதுபோலக் கரையைக் கரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் நாள் நீளமாக இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது கண் எங்காவது போய் உட்காரத்தானே வேண்டும்? அவளுடையது கணவர் மேல் போய் உட்கார்ந்தது.

எசென்குல் லாரி ஓட்டியவர். நாரின், ஓஷ், சீன எல்லைக் கணவாய் என்று பனியிலும் சேற்றிலும் ஓட்டி, ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் அவருடைய பழைய ஜெர்மன் கார் சும்மா நின்றதில்லை. ஊரில் யாருக்குச் சந்தைக்குப் போக வேண்டுமானாலும் எசென்குலைக் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் மீரிமின் இரண்டு பெண் குழந்தைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவதும் அவர்தான்.

வேலை இருந்தவரை அனார்கான் அவரைப் பார்த்தது காலையில் அவர் தூங்கும்போதும், சாயங்காலம் இவளுக்குக் கண் சொக்கும்போதும்தான். இப்போது முழு நாளும் பார்த்தாள். கிண்ணத்தில் தேநீரை ஊற்றும்போது விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, கதவைத் திட்டினார். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினால் பேசாமல் போனார். குரல் கொடுத்தால் மட்டும் உடனே நின்று சிரித்தார்.

மூளையில்தான் ஏதோ என்று அவள் பயந்தாள். சானடோரியத்துக்கு வருகிறவர்களில் பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்ககூட நாரின் டெப்போவுல ஒருத்தர் இருந்தாரே, மூக்கு உடைஞ்சவரு, அவரு பேரு என்ன?"

"ஜோலோய். அவன் பொண்டாட்டி பேரும் வேணுமா? மாமியா பேரு? நாய் பேரு?" அவர் எட்டிப் பார்த்தார். "என்ன கிழவி, பரீட்சை வைக்கிறியா?"

அவளுக்கு அப்போதைக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலமே மறுபடி போய்விட்டது. வாசலில் வைத்திருந்த பால் வாளியை அவர் நேராக நடந்துபோய் உதைத்துத் தள்ளினார்.

"இங்க எவ வச்சா வாளிய?"

அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் பலிக்சியில் அவள் தங்கை மகனுக்குக் கல்யாணம். ஏரியை ஒட்டியே மேற்கே போகிற சாலை. இதற்கு முன் விசேஷங்களுக்கு அவள் வேலை முடித்து பஸ்ஸில் தனியாகத்தான் போவாள். அவர் முன்னாலேயே போயிருப்பார். பட்டப்பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போவது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். மடியில் போர்சோக் நிறைந்த பெரிய டப்பா. விடியற்காலையில் மாவு உருட்டிப் பொரித்தது. புதுச் சால்வையைப் போட்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் கிளம்பினாள்.

கொஞ்ச தூரத்திலேயே ஒரு கரி லாரி முன்னால் வந்து சேர்ந்தது. எசென்குல் அதன் பின்னாலேயே போனார். லாரி மெதுவாகப் போனால் இவரும் மெதுவாகப் போனார். கரித்தூள் கண்ணாடியில் படிந்தது.

"என்னங்க, முந்திட்டுப் போகலாமே? ரோடு காலியாத்தான கெடக்கு."

"அவசரம் என்ன? மாப்பிள்ளை ஓடிடவா போறான்?"

யாருக்குப் பின்னாலும் போகப் பொறுக்காத மனுஷன். கணவாயில் இவரை எவனாவது முந்திவிட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். தலை மட்டும் கோழிபோல இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை.

லாரி ஒரு கிளைச் சாலையில் திரும்பிப் போய்விட்டது. எதிரே சாலை நீளமாகக் கிடந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, அவள் பார்ப்பதை உணர்ந்தவர்போல, கூட்டினார்.

இடது பக்கம், அவர் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்த பக்கம், மலைச்சரிவில் ஒரு மந்தை இறங்கி வருவது அனார்கானுக்கு அவருடைய ஜன்னல் வழியாகவே தெரிந்தது. கோடைமேய்ச்சல் முடிந்து கீழே இறங்கும் ஆடுகள். நடுவில் சில குதிரைகள். பின்னால் ஒரு குதிரைக்காரன். நிறுத்துவார் என்று இருந்தாள். முதல் ஆடுகள் தார்ச்சாலையில் கால் வைத்தன. அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எசென்குல்!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் பிரேக்கை மிதித்தார். கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒரு பெட்டைக் குதிரையின் வயிறு அவர் பக்கத்துக் கண்ணாடியை உரசி மடக்கிவிட்டுப் போனது. போர்சோக்குகள் காலடியில் உருண்டன. சுற்றிலும் ஆடுகள் கத்திக்கொண்டு, காரை ஒரு பாறையைச் சுற்றுவதுபோலச் சுற்றிப் போயின.

குதிரைக்காரன் சவுக்கின் காம்பால் கூரையில் ஓங்கித் தட்டினான்.

"யோவ் பெருசு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒரு மலையே எறங்கி வருது, தெரியல?"

இந்த மாதிரிப் பேச்சுக்கு எசென்குல் கதவைத் திறந்துகொண்டு இறங்கிச் சட்டையைப் பிடிப்பவர். இப்போது ஜன்னலை இறக்கி, "மன்னிச்சுக்கப்பா" என்றார்.

குதிரையும் பிரேக்கும் பயமுறுத்தியதைவிட அந்த வார்த்தை அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

மந்தை கடந்து, தூசி அடங்கி, சாலை காலியான பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. அவள் குனிந்து போர்சோக்குகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"உங்களுக்குத் தெரியலயா?" என்றாள், நிமிராமலேயே.

"நேரா தெரியுது."

"இந்தப் பக்கம்?"

"இடது பக்கம் இல்ல."

"இல்லன்னா? இருட்டா இருக்கா?"

"இருட்டுகூட இல்ல, கிழவி. இருட்டுன்னா இருட்டுன்னு தெரியுமே. அங்க உலகமே இல்லாத மாதிரி. தலையத் திருப்பினா வருது. மறுபடி இந்தப் பக்கம் பாத்தா போயிடுது."

"எத்தன நாளா?"

"போன பனிக்கு முந்தின பனியிலேருந்து."

அவளுக்கு மீரிமின் குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். பின் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தினம் ஜன்னலைத் திறந்து கையாட்டிவிட்டுப் போவார்கள்.

"அந்தப் பிள்ளைங்கள தினம் ஏத்திட்டுப் போறீங்களே..."

"மெதுவாத்தான் போறேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

நடுவழி. அவளுக்கு ஓட்டத் தெரியாது. வருகிற வண்டியை நிறுத்தி ஏறிவிடலாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அடுத்தவன் வண்டியில் வந்து இறங்க மாட்டேன் என்றார். கடைசியில் அவள் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். "எதிர்ல பஸ் வருது. போகட்டும். இடது பக்கம் ஒரு சைக்கிள். ம், இப்ப காலி. மெதுவா, மெதுவான்னு சொல்றேன்ல!" பலிக்சியின் ரயில் பாதையைத் தாண்டும்போது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. சால்வையின் ஓரத்தை முறுக்கி முறுக்கி நூல் பிரிந்திருந்தது.

கல்யாணத்தில் எசென்குல் எழுந்து நின்று வாழ்த்திப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்டம் நடந்தது. தங்கை வந்து, "அக்கா, ரிட்டயர் ஆனதும் முகமே மினுமினுன்னு ஆயிடுச்சு போ!" என்றாள். அனார்கான் சிரித்தாள். கண் மட்டும் கணவரின் கோட்டு தொங்கும் ஆணியிலேயே இருந்தது. அவர் சம்பந்திகளோடு உட்கார்ந்த நேரம் பார்த்து, பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பொய் சொல்லி, தங்கையின் மூத்த மகனை வண்டி ஓட்டச் சொன்னாள். எசென்குல் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

வீட்டில் கதவைச் சாத்தியதும் கையை நீட்டினார். "சாவி."

"தரமாட்டேன்."

"அனார்கான்!"

"கத்துங்க. ஊருக்கே கேக்கட்டும். தரமாட்டேன்."

"வண்டி இல்லன்னா நான் யாருடி? ஜன்னல்ல வச்ச பூந்தொட்டியா? வேளைக்கு வேளை தண்ணி ஊத்துவியா?"

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நீங்க யாரு?"

அவர் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். தான் பேசியது கூடிப்போய்விட்டதோ என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

காலையில் பெண் குழந்தைகள் இருவரும் எப்போதும்போல வேலியருகே வந்து நின்றார்கள். அனார்கான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். போய்ச் சொல்ல வேண்டும், என்னவென்று சொல்வது? அதற்குள் எசென்குல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். குழந்தைகளைத் தாண்டி நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மீரிம் நர்ஸ் உடுப்பில், பாதி பின்னிய ஜடையோடு வந்தாள்.

"எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கும்மா, மீரிம். ரொம்ப நாளாவே. யார்கிட்டயும் சொல்லல. உன் பிள்ளைங்கள நான் ஏத்தியிருக்கக் கூடாது."

மீரிமுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எசென்குல் அந்த மூடிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அந்த மனுஷன் எத்தனையோ கணவாய்களைத் தாண்டியிருக்கலாம்; அந்த முற்றத்தைத் தாண்டித் திரும்பி வந்ததுதான் கஷ்டமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மீரிம் வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"கரகோல்ல கண் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வியாழக்கிழமை பாக்குறாங்க." வாசலில் நின்று திரும்பினாள். "பஸ்ல போங்க மாமா."

டாக்டரம்மா இருட்டறையில் நெடுநேரம் பார்த்தாள். கிளாக்கோமா என்றாள், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரிக்கும் நோய். இடது கண்ணில் மிச்சம் அனேகமாக இல்லை. வலது கண்ணிலும் ஓரத்தில் தொடங்கியிருந்தது.

"போனது திரும்பி வராது ஐயா. இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு வேள கூட விடக்கூடாது. விட்டீங்கன்னா இதுவும் போயிடும்."

"வண்டி?"

"வண்டியா? முதல்ல ரோட்டத் தாண்டும்போது அம்மா கையப் புடிச்சுக்கங்க."

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. காலையும் மாலையும் எசென்குல் தலையைச் சாய்ப்பார். அவள் சொட்டு விடுவாள். ஒவ்வொரு முறையும், மருந்து கண்ணில் விழுந்ததா கன்னத்தில் விழுந்ததா என்ற சந்தேகம். எழுந்ததும் அவர் கைகளைக் கவனிப்பாள். நேற்று எடுத்த கரண்டியை இன்று துழாவுகிறாரா? துழாவுவதுபோலத் தோன்றும். இல்லை, தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்வாள். ஓய்வு என்று இதைத்தான் சொன்னார்களா என்று சில நாள் அழுகை வந்தது. சமையலறையில் அத்தனை பேருக்குச் சமைத்த காலத்தில் பால் தீய்ந்துவிடுமோ என்ற பயம் ஒன்றுதான். அது அடுப்பை அணைத்தால் தீர்ந்துபோகிற பயம்.

கார் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் பனி மூடிக் கிடந்தது. எசென்குல் சிலநேரம் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அவள் ஜன்னலிலிருந்து பார்ப்பாள்; கூப்பிட மாட்டாள். பிப்ரவரியில் மேல்தெரு ஆள் ஒருவன் காரைப் பார்க்க வந்தான். எசென்குல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எடுத்துட்டுப் போ. சும்மா நிக்கிறதுக்கு உனக்காச்சும் ஆகட்டும்" என்றார்.

அனார்கான் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "விக்கல. போய்ட்டு வாப்பா."

"நீ எதுக்கு நடுவுல வர்ற?"

"நான் ஓட்டப்போறேன்."

எசென்குல் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பலிக்சிக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தது. வந்தவனும் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே அந்த வாரம் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவள் பேத்தி வயது. பாடத்தை ஒருமுறை கேட்டதும் அவர்களுக்கு வந்துவிடும். அவளுக்கு அம்புக்குறிகளும் முக்கோணங்களும் கனவிலெல்லாம் வந்தன. வண்டியில் உட்கார்ந்தால் கால் கிளட்சைத் தேடுவதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். பயிற்சியாளன் பொறுமையானவன்தான், இருந்தும் ஒருநாள், "அக்கா, நீங்க பிரேக்க அடுப்பு ஊதுற மாதிரி ஊதி ஊதி மிதிக்கிறீங்க" என்றான். வீட்டுக்கு வந்து, இனிமேல் போகப்போவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

அன்று எசென்குல் தார்ப்பாயை உருவிப் போட்டார். பேட்டரியை மாற்றச் சொல்லி ஆளைக் கூட்டிவந்தார். ஏரிக்கரையில் கோடையில் குளிக்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் மைதானம் அப்போது வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிளட்ச்ச விடு. மெதுவா! மெதுவான்னா ஒரேயடியா விடுறது இல்ல! ஐயோ, கியர் பாக்ஸ் அழுவுது கேக்குதா?"

"கத்தாதீங்க! நான் உங்க லாரி இல்ல!"

"லாரி ஒருதடவ சொன்னா கேக்கும்!"

"அப்போ போய் லாரியோட குடித்தனம் நடத்துங்க!"

அவள் இறங்கி நடந்துவிட்டாள். அவரும் இறங்கி, காரைத் தொட்டுத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, எதிர்த்திசையில் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, அவர் தனியாகத் தடுமாறி விழுந்துவிடுவாரோ என்று அவள் ஓடிவந்தாள். அவர் அங்கே நின்று, ஏரியைப் பார்த்தபடி குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும்.

முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்துத் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். எப்படித் தேறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாதி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். உரிமத்தைக் கையில் வாங்கியபோது சந்தோஷம் வரவில்லை. இனி ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற திகில்தான் வந்தது.

மே மாதம் மறுபடி டாக்டரம்மாவிடம் போக வேண்டும். கரகோல்வரை அவளே ஓட்டினாள். வழியில் எல்லோரும் அவர்களை முந்தினார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட முந்திப் போனது. எசென்குல் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அவளுக்கு உள்ளங்கை வழுக்கியது. இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்ததைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"அழுத்தம் கட்டுக்குள்ளதான் இருக்கு. இதுக்கு மேல எதுவும் போகல" என்றாள் டாக்டரம்மா.

"அடுத்த தடவ?" என்று கேட்டாள் அனார்கான்.

"அடுத்த தடவ அடுத்த தடவ பாப்போம், அம்மா. இன்னைக்கு நல்லா இருக்காரு, கூட்டிட்டுப் போங்க."

சந்தைச் சந்தில் புளிப்பும் காரமுமாகக் குளிர்ந்த நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் உட்கார்ந்தார்கள். காரம் தலைக்கு ஏறி எசென்குலுக்கு மூக்கில் நீர் வந்தது. இரண்டு கிண்ணத்தைக் காலி செய்து மூன்றாவதற்குக் கையைத் தூக்கினார். அனார்கான் தன்னுடையதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்திய காருக்கு முன்னால் ஒரு வேனும், பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகளும் வந்து சேர்ந்திருந்தன.

"என்னங்க, போதும். கூட்டம் வர்றதுக்குள்ள கிளம்பலாம்."

"நீ அதப் பின்னாடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆக்குவ. அதுவரைக்கும் நான் என்ன பண்றது? சாப்பிடுறேன்."

"இறங்கி நின்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"கண்ணு தெரியாதவன்கிட்டயா கேக்குற?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு எழுந்து, பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துச் சரிபார்த்து மறுபடி வைத்துவிட்டு, மூட்டைகளை நகர்த்தச் சொல்லித் தெருவில் இறங்கினாள். அவர் மூன்றாவது கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.